பழைய "குட்டி யானை"க்குப் புது உயிர்!

விக்கிரமசிங்கபுரத்தில் யானைகள் இரண்டு விதம்.

ஒன்று, மேற்கே மலையில் இருக்கும் நிஜ யானை. முண்டந்துறைக் காட்டில் திரியும். மூங்கிலை முறித்துத் தின்னும்.

இன்னொன்று, ரோட்டில் ஓடும் யானை. இதற்கு நாலு சக்கரம் உண்டு. தும்பிக்கை கிடையாது. வாழைத்தார், செங்கல், சிமெண்டு மூட்டை, பந்தல் சாமான், கல்யாண வீட்டு அண்டா, கட்டில், பீரோ... எதை ஏற்றினாலும் சுமக்கும். டீசல் ஊற்றினால் போதும்.

அதுதான் "குட்டி யானை"!

"டாட்டா ஏஸ்" என்பது அதன் நிஜப் பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "ஒரு குட்டி யானை பிடிச்சுட்டு வா" என்றுதான் சொல்வார்கள். வடநாட்டிலும் இதற்கு "சோட்டா ஹாத்தி" என்றே பெயர். அதற்கும் சின்ன யானை என்றுதான் அர்த்தம்!

புது வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. எனவே பழைய வண்டிக்கு எப்போதும் கிராக்கி. பத்து, பன்னிரண்டு வருடம் உழைத்துக் களைத்த வண்டியை வாங்குவார்கள். என்ஜினைப் பிரிப்பார்கள். உள்ளே புதுப்பிப்பார்கள். சீட்டைத் தைப்பார்கள். பெயிண்டு அடிப்பார்கள். பிறகு அதே வண்டி இன்னும் பல வருடம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.

சரியாகச் செய்தால் சோறு போடும். தவறாகச் செய்தால் இருக்கிற சோற்றையும் பிடுங்கிவிடும்!

எப்படிச் சரியாகச் செய்வது?

பாதி என்ஜின்!

முதலில் இந்த வண்டி பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறிய சுமை வண்டி என்பது புதிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் போர்டு கம்பெனி 1925-ஆம் ஆண்டிலேயே தனது "மாடல் டி" காரின் பின்புறத்தில் ஒரு தொட்டியை வைத்து விற்றது. விலை 281 டாலர். விவசாயிகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். நம் நாட்டில் 1958-ல் "டெம்போ" என்ற மூன்று சக்கர வண்டி வந்தது. அந்தப் பெயர் ஜனங்களின் வாயில் ஒட்டிக்கொண்டது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் "டெம்போ" என்றே சொன்னார்கள்.

பிறகு சுமை ஆட்டோக்கள் வந்தன. சந்து பொந்துகளில் நுழைந்தன. ஆனால் பாரம் ஏற்றித் திருப்பினால் கவிழும் பயம் இருந்தது. மூன்று சக்கர வண்டியின் விலைக்குப் பக்கத்தில் ஒரு நாலு சக்கர வண்டி கிடைத்தால்?

அந்த யோசனையில் பிறந்ததுதான் "ஏஸ்". 2005-ஆம் ஆண்டு மே மாதம் விற்பனைக்கு வந்தது. அப்போது விலை சுமார் இரண்டே கால் லட்சம் ரூபாய். 2017-க்குள் 20 லட்சம் வண்டிகள் விற்றுவிட்டன.

விலையை எப்படிக் குறைத்தார்கள்? அதில் ஒரு சுவையான ரகசியம் இருக்கிறது.

அந்தக் கம்பெனியிடம் "இண்டிகா" காரின் டீசல் என்ஜின் இருந்தது. அதில் நான்கு சிலிண்டர். அளவு 1405 சி.சி. அதை அப்படியே பாதியாக்கினார்கள்! இரண்டு சிலிண்டர், 702 சி.சி. சிலிண்டரின் குறுக்களவு 75 மில்லி மீட்டர். காரில் இருந்த அதே அளவு. பலம் 16 குதிரை சக்தி. முக்கால் டன் பாரத்தை அந்தப் பதினாறு குதிரைகளும் இழுக்க வேண்டும்!

நிஜத்தில் ஒரு டன், ஒன்றரை டன் கூட ஏற்றுகிறார்கள். பழைய வண்டிகளின் பாதி வியாதிக்கு இதுதான் காரணம்.

இயந்திரம் தெரிந்த ஊர்

விக்கிரமசிங்கபுரம் சிவஞான முனிவர் பிறந்த ஊர். சைவர்கள் போற்றும் சிவஞான மாபாடியத்தை எழுதியவர் அவர்.

ஆனால் ஊரின் வாழ்க்கையை மாற்றியது வேறொன்று. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை அமைத்தார்கள். நிலக்கரிக்குப் பதிலாகத் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே இயந்திரத்தைச் சுழற்றினார்கள். பிறகு 1944-ல் பாபநாசத்தில் நீர் மின்சார நிலையம் வந்தது. மில் சங்குக்கு விழித்து, மில் சங்குக்கு உறங்கிய ஊர் இது. "பேரிங்" என்றால் என்ன, "ஷாப்ட்" என்றால் என்ன என்று பள்ளிக்கூடம் போகாத கிழவருக்கும் தெரியும். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லும் காது இப்படிப்பட்ட ஊர்களில்தான் வளரும்.

குடும்பத்தின் முதல்

ஓர் இளைஞர் பழைய குட்டி யானை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அடுத்தவர் வண்டியை ஓட்டிக் கூலி வாங்கியவர். சொந்த வண்டி வேண்டும் என்பது அவரது பல நாள் ஆசை.

பணம்? மனைவியின் சங்கிலியும் வளையலும் அடகுக் கடைக்குப் போகின்றன. மீதிக்கு பைனான்ஸ். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். வண்டி ஓடினாலும் தவணை உண்டு. பட்டறையில் படுத்தாலும் தவணை உண்டு.

ஆகவே வாங்கும் அந்த அரை மணி நேரம் மிக முக்கியம்.

"அண்ணாச்சி, வண்டி எப்படி?"

"தங்கமான வண்டி தம்பி! ஒரே கை ஓட்டுன வண்டி. அப்படியே எடுத்துட்டுப் போய் லோடு அடிக்கலாம்."

தரகர்கள் சொல்லும் வழக்கமான பதில் இது. தரகர் என்ஜினை ஏற்கனவே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் உஷாராக வேண்டும். சூடான என்ஜின் சுலபமாக ஸ்டார்ட் ஆகிவிடும். நோயாளி என்ஜினின் குட்டு காலைக் குளிரில்தான் வெளிப்படும்! எனவே விடிந்ததும் போக வேண்டும். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால்தான் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும்.

புகை சொல்லும் சேதி

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல, மெக்கானிக் புகையைப் பார்ப்பார்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் "நாசில்" தேய்ந்திருக்கலாம். இது பெரிய செலவு அல்ல.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரோ தேய்ந்துவிட்டது. இது பெரிய செலவு.

வெள்ளைப் புகை குளிரில் சிறிது நேரம் வந்து நின்றால் பயம் இல்லை. நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. இதுதான் கவலைக்குரியது.

இன்னும் மூன்று சோதனைகள் உண்டு. ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் கறுப்பாக இருந்தால் குற்றம் இல்லை. டீசல் என்ஜினில் அப்படித்தான் இருக்கும். மோரில் காப்பியைக் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, பிறகு ஓடவிட வேண்டும். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தால் "ஹெட் கேஸ்கெட்" போய்விட்டது. (சூடான ரேடியேட்டரை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) மூன்றாவதாக, என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். "குபுகுபு" என்று காற்று தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் ஒரு காசு செலவு இல்லை. ஆனாலும் பலர் பெயிண்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்!

காகிதமும் ஓர் உறுப்பு

சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணும், என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதுடன் ஒத்துப்போக வேண்டும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் வண்டியைத் தொடக் கூடாது.

விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30. பழைய பைனான்ஸ் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35.

"பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவது இருவருக்குமே ஆபத்து. வண்டி கை மாறியும் பெயர் மாறாமல் இருந்தால், விபத்து நஷ்டஈட்டுக்குப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவரைத் தேடி சம்மன் வரும்!

சீட்டுக்கு அடியில் யானையின் இருதயம்

வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது. நீலப் புகை. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

குட்டி யானைக்கு முன்னால் நீட்டிய மூக்கு கிடையாது. என்ஜின் எங்கே? சீட்டைத் தூக்கினால் அதற்குக் கீழே இருக்கிறது! டிரைவர் உட்கார்ந்திருப்பது என்ஜினுக்கு மேலேதான். இடம் மிச்சம். ஆனால் சூடும் அங்கேயேதான்.

டீசல் என்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பிறகு எப்படி எரிகிறது? காற்றை இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் அந்தக் காற்றே 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதில் டீசலைத் தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிள் பம்பில் வேகமாகக் காற்று அடித்தால் பம்பு சுடுகிறதல்லவா? அதே தத்துவம்தான். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானிய என்ஜினீயர் 1897-ல் இதை ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே எண்ணெய்க்கும் பெயராகிவிட்டது.

ஆகவே டீசல் என்ஜினுக்கு உயிர் எது? அமுக்கம்தான். ரிங் தேய்ந்தாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும், கேஸ்கெட் கசிந்தாலும் அமுக்கம் ஓடிவிடும். அமுக்கம் இல்லையேல் சூடு இல்லை. சூடு இல்லையேல் ஓட்டம் இல்லை. "ஓவர்ஹால்" என்று சொல்கிறார்களே, அது முழுவதும் இந்த அமுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் வேலைதான்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். தண்ணீர், ஆயில் இரண்டையும் இறக்குவார்கள். குழாய்களையும் வயர்களையும் பிரிக்கும்போது நல்ல மெக்கானிக் ஒவ்வொன்றிலும் அடையாளம் கட்டுவார். இப்போது எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. பிரிக்கும் முன்பு நாலு படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது சண்டை இல்லை. போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தகரத்தில் கொட்டுகிற பட்டறையாக இருந்தால் வண்டிக்காரர் அப்போதே எச்சரிக்கையாகிவிடலாம்.

முடி கனத்தில் பிழைப்பு

ஹெட்டைக் கழற்றியதும் அதன் அடிப்பாகத்தில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே தொல்லைதான். வண்டி ஒரு தடவை கொதித்து நின்றிருந்தால் இப்படி ஆகும். பட்டறைக்காரர் லேத்துக்கு அனுப்பி மட்டம் பண்ணுவார். வெடிப்பு இருந்தால் அந்த ஹெட் உதவாது. பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது சிலிண்டர். உள்பக்கத்தை விரலால் தடவினால் மேல் விளிம்பில் ஒரு படி தட்டும். அதுதான் தேய்மானம். பிஸ்டன் மேலும் கீழும் லட்சக்கணக்கான தடவை ஓடியதில் வட்டம் கோணலாகியிருக்கும். அதைக் கருவியால் அளக்க வேண்டும். கண்ணால் அளக்க முடியாது. அளவு மீறியிருந்தால் லேத்தில் கடைந்து, கால் மில்லியோ அரை மில்லியோ பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அல்லது புது உறை இறக்குவார்கள்.

இங்கேதான் ஒரு சபலம் வரும்.

"தம்பி, ரிங்கு மட்டும் மாத்திக்கலாம். செலவு பாதியாகும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கையில் பணம் குறைவு. வண்டிக்காரர் மனம் சாய்ந்துவிடும்.

கோணலான சிலிண்டரில் வட்டமான புது ரிங் போட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒட்டாது. சில மாதங்களில் மறுபடி நீலப் புகை! மறுபடி பிரிக்கும் கூலி! சிலிண்டர் அளவுக்குள் இருந்தால் ரிங் மட்டும் போதும். அளவு தாண்டியிருந்தால் ரிங்குக்குக் கொடுக்கும் காசு ஆற்றில் போட்டதுதான். முடிவு சொல்ல வேண்டியது அளக்கும் கருவி. பர்ஸ் அல்ல.

கிராங்க் ஷாப்ட்டையும் அப்படியே அளந்து, தேவையானால் அரைத்து, புது பேரிங் போடுவார்கள். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைப்பார்கள். மண்ணெண்ணெயை வால்வின் மேல் ஊற்றி வைப்பார்கள். கீழே ஒழுகாமல் நின்றால் வேலை சுத்தம். அந்தக் காலத்தில் மதுரை டி.வி.எஸ். பஸ்கள் யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது கரி வாயுவில் ஓடின. அப்போதும் இதே மண்ணெண்ணெய்ச் சோதனை தெரிந்தவர்கள்தான் என்ஜின்களைக் காப்பாற்றியிருக்க முடியும்.

நடுவிலிருந்து வெளியே

பூட்டுவது பிரிப்பதைவிடக் கஷ்டம்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து முறுக்கக் கூடாது. நடுவில் ஆரம்பித்து, எதிரும் புதிருமாக வெளியே வர வேண்டும். அதுவும் ஒரே தடவையில் அல்ல, இரண்டு மூன்று சுற்றாக. எவ்வளவு இறுக்கம் என்பதைக் காட்டும் "டார்க் ரெஞ்ச்" வேண்டும். "என் கைக்கே அளவு தெரியும்" என்பவரிடம் பெருமை இருக்கலாம். கேஸ்கெட்டுக்கு அந்தப் பெருமை தெரியாது.

"டைமிங் பெல்ட்" ஒரு தனி விஷயம். வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் தாளம் தப்பாமல் ஓடுவது இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டால்தான். அது ஓடும்போது அறுந்தால் வால்வு வளையும். பிஸ்டன் உடையும். முழு ஓவர்ஹாலும் வீண்! எனவே பெல்ட் நன்றாகத் தெரிந்தாலும், என்ஜினைத் திறந்தபோதே புதியது போட்டுவிட வேண்டும். அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும் கூடவே மாற்றுவது நல்லது.

சாமான் வாங்கும்போது "கம்பெனி சாமான்" எது, போலி எது என்று பார்க்க வேண்டும். காயலான் கடைச் சாமானும் எல்லாம் கெட்டது அல்ல. (காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் இது என்பார்கள்.) கதவு, கண்ணாடி, பம்பர், சீட்டுச் சட்டம் இவற்றைத் தாராளமாக அங்கே வாங்கலாம். பிரேக், ஸ்டீரிங், டைமிங் பெல்ட் இவற்றை ஒருபோதும் வாங்கக் கூடாது.

என்ஜின் பிளாக்கையே மாற்றினால் புது எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

உப்புத் தண்ணீர் எதிரி

ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்க வேண்டும். நன்றாகக் கடைந்து பூட்டிய என்ஜினைக் கொன்றுவிடுவது பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர்தான். போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே கல் போலப் படிந்திருக்கும். டீக் கெட்டிலின் அடியில் படியுமே, அதே படிவுதான். தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர். ஆனால் அதுவும் இரும்பைத் துருவேற்றும். "கூலன்ட்" என்ற பச்சை நீரைக் கலந்து ஊற்றினால் துரு பிடிக்காது, எளிதில் கொதிக்காது.

உள்ளே ஒரு வீடு

என்ஜின் வேலை முடிவதற்குள் டிங்கர் வேலை தொடங்கிவிடும்.

ரப்பர் விரிப்பைத் தூக்கினால் பல வண்டிகளில் தரையே இருக்காது! மழைத் தண்ணீரும், ஆற்று மணலும், காலில் ஒட்டிய சேறும் விரிப்புக்கு அடியில் தங்கி, தகரத்தை அரித்துத் தின்றிருக்கும். ஓட்டை வழியாக ரோடு தெரியும். சிலர் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

துருவை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயிண்டு அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவதற்குச் சமம். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். டீசல் டாங்க் அருகில் என்றால் டாங்க்கையே இறக்கிவிட வேண்டும். இதை அலட்சியம் செய்தால் வண்டியோடு பட்டறையும் போய்விடும்.

பிறகு வயர்கள். பழைய வண்டியில் எலி கடித்த வயர், ஒட்டுப் போட்ட வயர், எங்கே போகிறதென்றே தெரியாத வயர் என்று ஒரு கூடை இருக்கும். பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். பியூஸ் எதற்கு? அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றத்தான். கம்பி எரியாது. வண்டிதான் எரியும்!

சீட்டுக்கு அடியில் என்ஜின் இருப்பதால், மூடியைச் சுற்றி உள்ள ரப்பர் பட்டை புதிதாக இருக்க வேண்டும். அது கிழிந்திருந்தால் சூடும் புகையும் நேராக டிரைவரின் முதுகுக்கு வரும். மூடியின் அடிப்பக்கத்தில் சூடு தடுக்கும் மெத்தை ஒட்டுவார்கள். சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும்.

குஷன் கடைக்காரர் பழைய பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு புதுப் பஞ்சு வைத்து ரெக்சின் தைப்பார். மேலே பளபளப்பு முக்கியம் அல்ல. அழுத்தினால் பலகை தட்டக் கூடாது. தினம் பத்து மணி நேரம் உட்காருகிறவரின் இடுப்பு அது. டிரைவர்களுக்கு வரும் முதுகுவலியில் பாதி, உள்ளே குழிந்த சீட்டால் வருவதுதான். அதோடு, சீட் பெல்ட் சரியாகப் பூட்டுகிறதா, கதவு உள்ளிருந்து திறக்கிறதா, வைப்பர் துடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் வைப்பர் இல்லாத வண்டி குருட்டு வண்டி.

சிலர் இவை ஒன்றையும் செய்யாமல் முதலில் ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வருகிறார்கள். பாட்டுச் சத்தத்தில் என்ஜின் கதறுவது கேட்காமல் போவது ஒன்றே அதில் கண்ட பலன்!

மலை இறங்கும் வண்டி

பாபநாசத்திலிருந்து காரையாறுக்குப் போகும் ரோடு மலை ரோடு. ஏறுவதற்கு என்ஜின் வேண்டும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். என்ஜின் நின்றால் வண்டி நிற்கும். பிரேக் நின்றால் வண்டி நிற்காது.

எனவே பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியையாவது பிரேக்குக்குத் திருப்பலாம். ரப்பர் குழாய்களை மாற்றி, பழைய பிரேக் ஆயிலை முழுவதும் இறக்கிப் புதியது ஊற்ற வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அது உயிரை அடகு வைத்துச் செய்யும் சிக்கனம்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் போகும்போது, குட்டி யானையில் ஜனங்களை ஏற்றும் ஆசை வரும். சொந்தக்காரர்களே கேட்பார்கள். மறுக்கக் கஷ்டம். ஆனால் சுமை வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கை கொடுக்காது. அடகில் இருக்கும் சங்கிலி மட்டுமல்ல, வீடும் போகும்.

முதல் ஆயிரம் கிலோ மீட்டர்

என்ஜின் பூட்டியாகிவிட்டது. டீசல் குழாயில் சிக்கிய காற்றைக் கை பம்பால் வெளியேற்றுகிறார்கள். சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் சூடாவதற்குச் சில வினாடி காத்திருக்கிறார்கள். இரண்டு சுற்று... மூன்று சுற்று... "டப டப டப" என்று பிடித்துக்கொள்கிறது. சிறிது வெள்ளைப் புகை. பிறகு அதுவும் இல்லை.

"அண்ணாச்சி, நாளைக்கே செங்கல் லோடு ஒண்ணு இருக்கு. அடிச்சிரலாமா?"

"ஏன் தம்பி அவசரப்படுதே? முதல் ஆயிரம் கிலோ மீட்டருக்குப் பாதி லோடுதான். சொன்னதைக் கேளு."

தவணை கட்ட வேண்டிய மனிதருக்கு இது கசப்பு மருந்துதான். ஆனால் காரணம் இருக்கிறது. புது ரிங்கும் புதிதாகக் கடைந்த சிலிண்டரும் ஒன்றோடொன்று உராய்ந்து பழக வேண்டும். அதுவரை முழுப் பாரம் ஏற்றினால் சூடு மீறிக் கீறல் விழும். ஆனால் பாரமே இல்லாமல் மணிக்கணக்கில் நிறுத்தி ஓடவிடுவதும் தவறு. பாதிப் பாரத்துடன், ஒரே வேகத்தில் போகாமல், கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும். ஆயிரம் கிலோ மீட்டர் முடிந்ததும் ஆயிலையும் பில்டரையும் மாற்ற வேண்டும். இறக்கிய ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொடிப் பொடியாக உலோகத் துகள் மின்னும். கொஞ்சம் மின்னினால் இயல்பு. தகடு தகடாக வந்தால் மறுபடி பட்டறைக்கு.

ஜப்பானிலும் இதைப் போலக் குட்டி லாரிகள் உண்டு. 660 சி.சி. என்ஜின்தான். 25 வருடம் ஓடிய பிறகு, அவற்றை அமெரிக்கர்கள் கப்பலில் வரவழைத்துப் புதுப்பித்துத் தோட்டத்தில் ஓட்டுகிறார்கள். அங்கே அது ஆசைக்கு. இங்கே அது அரிசிக்கு.

எப்.சி. நாள்

எட்டு வருடம் தாண்டிய சுமை வண்டிக்கு வருடந்தோறும் தகுதிச் சான்று, அதாவது "எப்.சி." வாங்க வேண்டும். விளக்கு, ஹாரன், பிரேக், புகை, டயர் எல்லாம் பார்ப்பார்கள். பெயிண்டு அடிப்பது பெரும்பாலும் இதற்கு முதல் வாரம்தான். அதே நிறம் அடித்தால் வம்பு இல்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

லைசென்சு பற்றியும் ஒரு நல்ல செய்தி உண்டு. கார் ஓட்டும் சாதாரண லைசென்சு வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சுமை வண்டியையும் ஓட்டலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். குட்டி யானை இந்த அளவுக்குள் தாராளமாக அடங்கும்.

2022-ல் மின்சாரத்தில் ஓடும் குட்டி யானையும் வந்துவிட்டது. அதில் ரிங் இல்லை, நாசில் இல்லை, புகையும் இல்லை. ஆனால் அடகுச் சங்கிலியை நம்பி வண்டி வாங்குகிறவரின் கைக்கு அது பழைய வண்டியாக வந்து சேர இன்னும் சில வருடம் ஆகும். அதுவரை பட்டறைகளில் சீட்டுகள் தூக்கப்படும். போல்ட்டுகள் டப்பாவில் சேரும்.

எப்.சி. முடிந்த வண்டிக்கு முன் கண்ணாடியின் மேல் பெயர் எழுதுவார்கள். "பாபநாசநாதர் துணை" என்று சிலர். "உலகம்மை" என்று சிலர். பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதுகிறவர்கள் அதிகம். எலுமிச்சம்பழத்தை நாலு சக்கரத்துக்கும் வைத்து நசுக்கிவிட்டு, அரை லோடு வாழைத்தாருடன் அம்பாசமுத்திரம் ரோட்டில் வண்டி புறப்படுகிறது. அடகுக் கடைக்கு இன்னும் பதினோரு மாதம் வட்டி கட்ட வேண்டும்.